ராம்ஸ்டைனை எங்கிருந்து தொடங்குவது: ஆல்பமா, தொகுப்பா, மேடைப் படமா?

"ராம்ஸ்டைன் கேட்கணும், எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?" என்று யாராவது கேட்டால், இந்த ஜெர்மன் மெட்டல் குழுவின் ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கேட்டவர் அந்தப் பாட்டைத் தேடிப் போடுவார். பிறகு செயலி தானாகவே அடுத்தடுத்துப் பத்துப் பாட்டைக் கலந்து கொடுக்கும். நான்காவது பாட்டில் "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே" என்று மூடிவிடுவார். இது நேர்வது ரசனைக் குறைவால் அல்ல, நுழைந்த வழியால்.

காரணம் இசையின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. ரிச்சர்ட் க்ருஸ்பேயும் பால் லாண்டர்ஸும் இரண்டு கிட்டாரிலும் பெரும்பாலும் ஒரே துணுக்கை, தந்தியை உள்ளங்கையால் அமுக்கி, வெட்டி வெட்டி வாசிப்பார்கள். கிறிஸ்டோஃப் ஷ்னைடரின் டிரம்ஸ் நேர்கோட்டில் அணிவகுப்பு மாதிரி நடக்கும். அதன் மேல் டில் லிண்டெமனின் அடித்தொண்டைக் குரல். ஹிட் பாட்டுகளை மட்டும் வரிசையாக அடுக்கினால் அணிவகுப்புக்குப் பின் அணிவகுப்புதான் கிடைக்கும். வேறுபாடு இருப்பது வேறு இடங்களில்: ஃப்ளாக்கே என்று எல்லோரும் கூப்பிடும் கிறிஸ்டியான் லோரென்ஸின் கீபோர்டில், மூன்று வேகப் பாட்டுக்குப் பின் வரும் மெதுவான பாட்டில், சொற்களில். இவை மூன்றும் ஆல்பமாகக் கேட்டால்தான் பிடிபடும்.

கணக்கு எளிது. 1995 முதல் 2022 வரை எட்டு ஸ்டுடியோ ஆல்பங்கள். ஒவ்வொன்றிலும் 11 பாட்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். ஆக 88 பாட்டு, ஆறு மணி நேரம். 1994இல் பெர்லினில் சேர்ந்த அதே ஆறு பேர்தான் இன்றுவரை (ஆறாமவர் பாஸ் வாசிக்கும் ஆலிவர் ரீடல்), ஆள் மாற்றமே கிடையாது. ஆகவே மற்ற மெட்டல் குழுக்களைப் போல "எந்தப் பாடகர் காலத்து ஆல்பம்?" என்ற சண்டை இங்கே இல்லை. தேர்வு செய்ய வேண்டியது நுழைவழியை மட்டும்தான்.

தொகுப்பு: வசதியானது, ஆனால் முதல் தேர்வு அல்ல

2011 டிசம்பரில் வந்த 'மேட் இன் ஜெர்மனி 1995–2011' தொகுப்பில் 16 பாட்டு. அதுவரை வந்த ஆறு ஆல்பங்களிலிருந்தும் எடுத்தது, கூடவே 'மைன் லாண்ட்' என்ற ஒரு புதுப் பாட்டு. ஒரு மணி நேரத்தில் ஊர் சுற்றிப் பார்ப்பது போல இது பயன்படும். சிக்கல் என்னவென்றால் பாட்டுகள் கால வரிசையில் இல்லை. 1997இன் 'எங்கெல்' முதலில், 1995இன் 'டு ரீஷ்ட் ஸோ கூட்' ஆறாவதாக. குழு எப்படி வளர்ந்தது என்பது காதில் விழாது. மேலே சொன்ன "ஒரே மாதிரி" பிரச்சினையும் இங்கேதான் அதிகம்.

ஆனாலும் இந்தத் தொகுப்பு ஒரு உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. பதினாறில் ஐந்து ஒரே ஆல்பத்திலிருந்து வந்தவை: 'முட்டர்'. நான்கு 'ரைசே, ரைசே'யிலிருந்து. முதல் ஆல்பத்துக்கு ஒரே ஒரு பாட்டுதான். குழுவே தன் முகமாக எதை வைத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஏற்கெனவே நாலைந்து பாட்டு தெரிந்து, "வேறென்ன இருக்கு?" என்று பார்ப்பவருக்குத் தொகுப்பு போதும். ஒன்றுமே தெரியாதவர் இதைத் தவிர்ப்பது நல்லது.

முட்டர் (2001): பெரும்பாலானவர்களுக்கு இதுதான்

எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லலாம். முதன்முதலாகக் கேட்பவருக்கு 'முட்டர்'. சொல்லுக்கு அம்மா என்று பொருள். தென் பிரான்சில் மிராவால் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு, தயாரிப்பு யாகோப் ஹெல்னர். முதல் ஆறு ஆல்பங்களுக்கும் அவர்தான்.

முதல் பாட்டு 'மைன் ஹெர்ட்ஸ் ப்ரென்ட்' எப்படித் தொடங்குகிறது என்று கவனியுங்கள். கிட்டார் இல்லை. பாபெல்ஸ்பெர்க் திரைப்பட இசைக்குழுவின் வயலின்கள் மெதுவாக எழுகின்றன. அதன் மேல் லிண்டெமன், குழந்தைகளைக் கூப்பிட்டுக் கதை சொல்வது போல, ஏறக்குறைய முணுமுணுக்கிறார். ஜெர்மானியக் காதுக்கு அந்த முதல் வரி சட்டென்று அடையாளம் தெரியும்: கிழக்கு ஜெர்மனியில் 1959 முதல் மாலை நேரத்தில் ஒளிபரப்பான 'சாண்ட்மான்' குழந்தைகள் நிகழ்ச்சியின் பாணி அது. கண்ணில் மணல் தூவித் தூங்கவைக்கும் தாத்தா அவர். இங்கே அதே தாத்தா கெட்ட கனவுகளோடு வருகிறார். அதற்குப் பிறகுதான் கிட்டார் இடிக்கிறது. வயலின் போகவில்லை, கிட்டாருக்கு உள்ளேயே நிற்கிறது. இந்த ஒரே பாட்டில் குழுவின் மூன்று முகமும் இருக்கின்றன: கனம், நாடகம், கிழக்கு ஜெர்மனிக் குழந்தைப் பருவம்.

அடுத்து 'லிங்க்ஸ் 2 3 4', 'ஸோனே', 'இஹ் வில்', 'ஃபாயர் ஃப்ரை' என்று நான்கும் வரிசையாக ஹிட். 'ஸோனே' ஒன்று முதல் எண்ணத் தொடங்குகிறது. குத்துச்சண்டை வீரர் விட்டாலி கிளிட்ச்கோ மேடைக்கு நடந்து வரும்போது ஒலிக்க எழுதிய பாட்டு, உருவாகும்போது அதற்கு வைத்திருந்த தற்காலிகப் பெயரே 'கிளிட்ச்கோ'தான். எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரியும். ஆனால் வீடியோவில் குத்துச்சண்டை இல்லை. சுரங்கத் தொழிலாளிகளாகக் குழுவினர், அவர்களை ஆட்டிவைக்கும் ஸ்னோ ஒயிட்.

ஆறாவதாக 'முட்டர்' பாட்டு வரும்போது வேகம் குறைகிறது. தாயில்லாமல், சோதனைக் குழாயில் பிறந்த ஒருவனின் குரல். இங்கேதான் புதியவர்களுக்கு ஒரு தடுமாற்றம் வரும். முதல் ஐந்து பாட்டில் உடம்பு சூடாகிவிடும், அதே வேகத்தை எதிர்பார்த்து ஆறாவதைத் தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள். கடைசிப் பாட்டு 'நேபெல்' வரை போனால்தான் முதல் பாதியின் இரைச்சல் எதற்காக என்பது தெரியும். பின்பாதியில் 'ரைன் ரவுஸ்' ஒன்றைத் தாண்டினால் பெரிய நஷ்டமில்லை, அது வெறும் குறும்பு.

ஸேன்ஸுக்ட் (1997): 'டு ஹாஸ்ட்' வழியாக வந்தவருக்கு

பெரும்பாலோர் இந்தக் குழுவைச் சந்தித்தது 'டு ஹாஸ்ட்' மூலமாகத்தான். அப்படி வந்தவர் 'முட்டர்' போடுவதற்கு முன் இந்த ஆல்பத்தை முழுதாகக் கேட்கலாம். மால்டாவில் பதிவானது. எலக்ட்ரானிக் துடிப்பு எல்லா ஆல்பங்களையும்விட இங்கே முன்னால் நிற்கிறது. நடன அரங்க இசையிலிருந்து வருபவர்களுக்கு இது எளிதில் ஒட்டும். குழு தன் இசையை ஆரம்பத்தில் 'டான்ஸ் மெட்டல்' என்றே சொல்லிக்கொண்டது. அந்தப் பெயர் முழுதாகப் பொருந்துவது இந்த ஆல்பத்துக்குத்தான்.

இங்கேதான் என்றைக்கும் ஓயாத கேள்வி: 'டு ஹாஸ்ட்' என்றால் "உனக்கு இருக்கிறது" என்றா, "நீ வெறுக்கிறாய்" என்றா? எழுத்தில் ஒரே ஒரு 's' வித்தியாசம், உச்சரிப்பில் வித்தியாசமே இல்லை. லிண்டெமன் முதலில் "நீ" என்கிறார். நிறுத்துகிறார். அடுத்து "நீ, ..." என்று அந்த இருபொருள் சொல்லைச் சேர்க்கிறார். பிறகு "என்னை" சேர்கிறது. இந்த இடத்தில் கேட்பவர் காதில் "நீ என்னை வெறுக்கிறாய்" என்றுதான் விழும். கடைசியில் "கேட்டாய்" என்ற வினை வந்து விழுந்ததும் வாக்கியம் புரண்டு "நீ என்னைக் கேட்டாய்" ஆகிவிடுகிறது. ஜெர்மன் மொழியில், தமிழைப் போலவே, முக்கிய வினை வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். அந்த இலக்கண வசதியை வைத்துச் செய்த சிலேடை இது. கேட்ட கேள்வி கல்யாணச் சடங்கில் கேட்கும் கேள்வி: சாவு பிரிக்கும்வரை உண்மையாக இருப்பாயா? பதில்: இல்லை. இரண்டாவது முறை அதே உறுதிமொழியில் சொற்களைச் சற்றுத் திருகி ஆபாசமாக்குகிறார். அது மொழிபெயர்ப்பில் வராது.

இதனால் ஒரு நடைமுறை எச்சரிக்கை. ஆல்பத்தின் சில பதிப்புகளில் 'எங்கெல்', 'டு ஹாஸ்ட்' இரண்டுக்கும் ஆங்கிலப் பதிப்பு கடைசியில் ஒட்டியிருக்கும். 'டு ஹாஸ்ட்' ஆங்கிலத்தில் நேரடியாக "வெறுக்கிறாய்" என்றே போகிறது, சிலேடை செத்துப்போகிறது. இணையம் முழுக்க "பாட்டின் பொருள் வெறுப்புதான்" என்ற நம்பிக்கை பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆங்கிலம் புரியும் என்பதற்காக அந்தப் பதிப்பில் தொடங்க வேண்டாம்.

இந்தக் காலத்திலேயே இன்னொரு பெரிய கேள்வியும் பிறந்தது: இவர்கள் நாஜி ஆதரவாளர்களா? 1998இல் டெபெச் மோட் என்ற ஆங்கிலேயக் குழுவின் பாட்டு ஒன்றை இவர்கள் மறுபடி பாடி, வீடியோவில் லெனி ரீஃபென்ஷ்டாலின் ஒலிம்பிக் படக் காட்சிகளை வைத்தார்கள். ஹிட்லர் காலத்துப் படம் அது. ஜெர்மனி கொதித்தது. முறுக்கேறிய உடம்பு, அணிவகுப்புத் தாளம், லிண்டெமன் ஒவ்வொரு 'ர'வையும் நாக்கு நுனியால் உருட்டும் பழைய நாடக மேடை உச்சரிப்பு எல்லாம் சேர்ந்து சந்தேகத்தை வளர்த்தன. (அந்த உருட்டல் நமக்குப் பழக்கமான ஒலிதான், இன்றைய ஜெர்மானியர் பலர் 'ர'வைத் தொண்டையில் உச்சரிப்பதால் அவர்கள் காதுக்கு அது மிடுக்காகவும் பழமையாகவும் கேட்கிறது.) குழு பதில் சொன்னது 2001இல், 'லிங்க்ஸ் 2 3 4'இல்: என் இதயம் இடப்பக்கம் துடிக்கிறது என்று. 'இடது, இரண்டு, மூன்று' என்ற அணிவகுப்பு எண்ணிக்கை இடதுசாரி ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட்டின் பழைய தொழிலாளர் ஐக்கியப் பாட்டை நினைவூட்டுவது. பதில் தெளிவு. ஆனால் அந்த வீடியோவைச் செய்தது புத்திசாலித்தனமா என்றால், அல்ல என்றுதான் சொல்ல வேண்டும். தீயோடு விளையாடுவது இவர்களுக்கு மேடையில் மட்டும் இருந்திருக்கலாம்.

பெயரில்லா ஆல்பம் (2019): கண்ணால் தொடங்குபவருக்கு

2009க்குப் பின் பத்து ஆண்டு புது ஆல்பமே இல்லை. 2019 மே மாதம் வந்ததற்குப் பெயரும் இல்லை, அட்டையில் ஒரே ஒரு தீக்குச்சி. ரசிகர்கள் 'தீக்குச்சி ஆல்பம்' என்றும் சொல்வார்கள். தயாரிப்பு ஹெல்னர் அல்ல, ஓல்சன் இன்வோல்டினி. ஒலி சுத்தமானது, கீபோர்டுக்கு இடம் அதிகம்.

வீடியோ பார்த்துப் பழகியவர் இங்கே 'டாய்ச்லாண்ட்' வழியாக நுழையலாம். ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தில் ஜெர்மனியின் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு வருகிறது. ஜெர்மானியா என்ற நாட்டுத் தாயாக நடிப்பவர் கறுப்பினத்தைச் சேர்ந்த ரூபி கோம்மே. அந்தத் தேர்வே ஒரு வாதம். வதைமுகாம் தூக்கு மேடைக் காட்சியை மட்டும் வெட்டி முன்னோட்டமாக விட்டதை யூத சமூகத் தலைவர்கள் கண்டித்தார்கள். முழுப் படத்தையும் பார்த்தபின் விவாதம் வேறு திசைக்குப் போனது. நாட்டை நேசிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை என்பதுதான் பாட்டு. அடுத்து வரும் 'ராடியோ', கிழக்கு ஜெர்மனியில் மேற்கத்திய வானொலியை ரகசியமாகக் கேட்ட காலம் பற்றியது. ஆறாவது பாட்டு 'புப்பே'யில் லிண்டெமனின் குரல் உடைந்து கத்தலாவதைக் கேட்டால் அறுபதை நெருங்கும் ஒருவரிடம் இவ்வளவு மிச்சமிருக்கிறதா என்று தோன்றும்.

குறை: முதல் நான்கு பாட்டின் உயரத்தைப் பின்பாதி எட்டவில்லை. 'முட்டர்' போல முழு ஆல்பமாக இறுகி நிற்காது.

வீடியோ வழியாக வருபவர்களுக்கு ஒரு சொல். வீட்டுக் கூடத்து டிவியில் போடுவதற்கு முன் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2009இன் 'புஸ்ஸி' வீடியோவின் முழுப் பதிப்பு அப்பட்டமான பாலியல் படம். 'மைன் டைல்' ஜெர்மனியின் ரோட்டன்பர்க்கில் நடந்த நரமாமிசக் கொலை வழக்கைத் தொட்டு எழுதியது. 'ஸோனே', 'எங்கெல்', 'ராடியோ' மூன்றில் ஆபத்து குறைவு.

மேடைப் படங்கள்: நான்கில் எது?

ராம்ஸ்டைன் என்றாலே தீ என்பவர்களுக்கு ஆல்பத்தைவிட மேடைப் படமே சரியான தொடக்கம். லிண்டெமன் முறையாக உரிமம் பெற்ற வெடிகலைஞர். 1996இல் பெர்லின் மேடையில் எரியும் அலங்காரம் சரிந்து விழுந்தபின்தான் தீ வேலை முழுக்கத் தொழில்முறை ஆட்கள் கைக்குப் போனது.

'லைவ் அவுஸ் பெர்லின்': 1998 ஆகஸ்டில் வுல்ஹைடே திறந்தவெளி அரங்கில் இரண்டு இரவு. மேடை சிறியது, கேமரா நிதானமாக நிற்கிறது. எரியும் அங்கியோடு லிண்டெமன் அசையாமல் நின்று 'ராம்ஸ்டைன்' பாட்டைப் பாடும் காட்சிக்காகவே பார்க்கலாம். அந்தப் பாட்டு எதைப் பற்றியது என்று தெரிந்து பார்த்தால் வயிற்றைப் பிசையும். 1988 ஆகஸ்ட் 28 அன்று மேற்கு ஜெர்மனியின் ராம்ஷ்டைன் அமெரிக்க விமானத் தளத்தில் நடந்த சாகசக் காட்சியில் இத்தாலிய ஜெட் விமானங்கள் மோதி, எரியும் எரிபொருள் கூட்டத்தின் மேல் விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். குழுவின் பெயர் அதிலிருந்து வந்தது. ஊர்ப் பெயரில் ஒரு 'm', குழுவின் பெயரில் இரண்டு. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 'பூக் டிஹ்' பாட்டு சிடியில் இருக்கும், வழக்கமான டிவிடி பதிப்பில் வெட்டியிருப்பார்கள். பாட்டு விட்டுப்போனது தட்டின் பழுது அல்ல.

'ஃபோல்கர்பால்' (2006): பிரான்சில் நீம் நகரின் ரோமானியக் கல் அரங்கில் 2005இல் எடுத்தது. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய கல் வட்டத்துக்குள் தீப்பிழம்பு எழும்போது வேறெந்த மேடையும் தராத ஒரு அழகு. 'ரைசே, ரைசே' பாட்டுகள் அதிகம். படத்தொகுப்பு கண்ணை உறுத்தாது.

'ராம்ஸ்டைன் இன் அமெரிக்கா' (2015): 2010 டிசம்பர் 11, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். டிக்கெட் அரை மணி நேரத்துக்குள் தீர்ந்தது. கூடவே குழுவின் அமெரிக்கப் பயண வரலாறு பற்றிய நீண்ட ஆவணப்படம். பாட்டுக்காக அல்ல, அந்த ஆவணப்படத்துக்காக வாங்க வேண்டியது. ஆகவே புதியவருக்கு அல்ல.

'ராம்ஸ்டைன்: பாரிஸ்' (2017): 2012 மார்ச்சில் பெர்சி அரங்கில் இரண்டு இரவும், தனியாக ஒரு முழு ஒத்திகையும் படமாக்கி யோனாஸ் ஓகெர்லுண்ட் வெட்டிச் சேர்த்தது. ஒத்திகையையும் எடுத்ததால்தான் கேமரா முகத்துக்கு அவ்வளவு நெருக்கமாகப் போகிறது. ஆறு ஆல்பங்களின் சாரமும் ஒரே இரவில் கிடைக்கும். 'மைன் டைல்' பாட்டில் ஃப்ளாக்கே பெரிய சமையல் அண்டாவுக்குள் உட்கார, லிண்டெமன் தீ பீய்ச்சும் துப்பாக்கியால் அண்டாவைச் சூடாக்குவது இங்கே முழுதாகத் தெரியும். ஆனால் வெட்டுகள் மிக வேகம். ஒரு நொடிக்குள் இரண்டு மூன்று காட்சி மாறும். சிலருக்குத் தலை சுற்றும்.

முடிவாக: பெரிய திரையும் நல்ல ஸ்பீக்கரும் இருந்தால் பாரிஸ். லேப்டாப்பில், இயர்போனில் பார்ப்பதென்றால் ஃபோல்கர்பால், சின்னத் திரையில் பாரிஸின் வெட்டுகள் வெறும் மின்னலாகத்தான் தெரியும். 1998 பெர்லின் மூன்றாவதாக.

எதில் தொடங்கினாலும் செய்ய வேண்டியது

மொபைலின் சொந்த ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பாஸும் கிக் டிரம்மும் அதில் வரவே வராது. மேலே கிட்டாரின் சரசரப்பு மட்டும் மிஞ்சும், "வெறும் சத்தம்" என்று தோன்றும். சாதாரண இயர்போனே போதும்.

ஒரு ஆல்பத்தை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை வரிகள் எதுவும் பார்க்காமல். இரண்டாவது முறை மொழிபெயர்ப்போடு. மூன்றாவது முறை மறுபடி வரிகள் இல்லாமல். இரண்டாவதில்தான் தவறு நடக்கும். இயந்திர மொழிபெயர்ப்பு 'ஃபாயர் ஃப்ரை' என்பதைத் "தீ இலவசம்" என்கிற மாதிரி எதையாவது கொடுக்கும். அது "சுடலாம்!" என்ற ராணுவக் கட்டளை. 'மைன் டைல்' என்பதை "என் பகுதி" என்று தரும். ஆண்குறிக்கான கொச்சைச் சொல்லும் அதுவே, வழக்கை அறிந்தவருக்கு அந்த இரண்டாவது பொருள் உறையவைக்கும். ஆகவே குறிப்புகளோடு இருக்கும், மனிதர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடுங்கள். குறிப்பு இல்லாவிட்டால் 'ரோசன்ரோட்' பாட்டுக்குள் கெதேயின் கவிதை இருப்பதும், 'ஹைஃபிஷ்' பாட்டின் சுறாமீன் பிரெக்ட்டின் நாடகத்திலிருந்து நீந்தி வந்தது என்பதும் தெரியாமலே போகும்.

பெயர்களை உச்சரிப்பதில் ஒரு குறுக்குவழி. 'ஸேன்ஸுக்ட்' என்று எழுதினாலும் அந்த 'க்' நம் ககரம் அல்ல, 'அஃது' என்று அழுத்திச் சொல்லும்போது ஆய்தம் தொண்டையில் உரசுமே, அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஒலி.

இன்னொரு கேள்வியையும் தள்ளிவிட முடியாது. 2023இல் லிண்டெமன் மீது, கச்சேரிக்கு வந்த இளம்பெண்களை நடத்திய விதம் குறித்துப் பல பெண்கள் குற்றம் சாட்டினார்கள். அவர் மறுத்தார். பெர்லின் அரசு வழக்கறிஞர் விசாரித்து, வழக்குத் தொடரப் போதுமான ஆதாரம் இல்லை என்று அதே ஆண்டு ஆகஸ்டில் மூடினார். இதை அறிந்தபின் கேட்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. ஆனால் அறியாமல் கேட்டுவிட்டுப் பிறகு திடுக்கிடுவதைவிட இது மேல்.

பிறகு எது, எதைத் தள்ளி வைப்பது

'முட்டர்' பிடித்தவருக்கு அடுத்தது 'ரைசே, ரைசே' (2004), சந்தேகமே இல்லை. 'ஸேன்ஸுக்ட்' பிடித்தவர் பின்னோக்கி 'ஹெர்ட்சலைட்'டுக்கு (1995) போகலாம். கரடுமுரடான முதல் ஆல்பம், அதிலிருந்த இரண்டு பாட்டை டேவிட் லிஞ்ச் தன் 'லாஸ்ட் ஹைவே' படத்தில் வைத்ததுதான் வெளிநாட்டில் இவர்களுக்குப் பெரிய அறிமுகம். 2019 ஆல்பம் பிடித்தவருக்கு 'ட்சைட்' (2022). சோர்வும் முதுமையும் பற்றிய ஆல்பம், பிரயன் ஆடம்ஸ் எடுத்த அட்டைப்படம். அதன் கடைசிப் பாட்டு 'அடியூ' கேட்டுக் குழு கலையப்போகிறது என்று பதறியவர்கள் பலர். 2019இல் கெல்சன்கிர்ஹனில் தொடங்கிய மைதானப் பயணம் அதே ஊரில் 2024 ஜூலை 31 வரை ஓடியது.

'ரோசன்ரோட்' (2005) கடைசிக்கு இருக்கட்டும். அதில் ஆறு பாட்டு 'ரைசே, ரைசே' பதிவின்போது மிஞ்சியவை. தலைப்புப் பாட்டும் 'பென்சின்'னும் நிற்கும், மற்றவை மெல்லத்தான் ஏறும். 'லீபே இஸ்ட் ஃப்யூர் அல்லே டா' (2009) பழைய சிடியாக வாங்குபவர் இரண்டாவது பாட்டைச் சரிபார்க்க வேண்டும். 'இஹ் டூ டிர் வே' என்ற அந்தப் பாட்டுக்காகவும் உள்ளே இருந்த ஒரு படத்துக்காகவும் 2009 நவம்பரில் ஜெர்மனியின் இளைஞர் பாதுகாப்பு அமைப்பு ஆல்பத்தைச் சிறுவர்களுக்கு விற்கக்கூடாத பட்டியலில் போட்டது. உடனே அந்தப் பாட்டு இல்லாத பதிப்பு ஒன்று வந்தது. 2010 மே மாதம் கொலோன் நீதிமன்றம் தடையை நிறுத்திவைத்தது. இடைக்காலத்து வெட்டுப் பதிப்புகள் பழைய தட்டுக் கடைகளில் இன்னும் சுற்றுகின்றன.

'ரைசே, ரைசே'யை மட்டும் முடிந்தால் சிடியாக வாங்குங்கள், ஜப்பான் பதிப்பைத் தவிர. அட்டையில் விமானக் கறுப்புப் பெட்டியின் படம். பிளேயரில் முதல் பாட்டைத் தொடக்கத்தில் நிறுத்தி, பின்னோக்கி ஓட்டும் பொத்தானைப் பிடித்தபடியே இருந்தால், எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். அரை நிமிடத்துக்கும் சற்று அதிகமான ஒரு பதிவு அங்கே ஒளிந்திருக்கிறது: 1985 ஆகஸ்ட் 12 அன்று 520 பேரைப் பலிகொண்டு விழுந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விமானத்தின் விமானி அறைக் குரல்கள். கணினியில் சிடியைப் பிரதியெடுத்தால் பெரும்பாலும் இது வராது, பல புதிய பிளேயர்கள் பூஜ்ஜியத்துக்குக் கீழே போக மறுக்கும். பழைய ஆடியோ சிடி பிளேயர் வேண்டும். ஒரு விமான விபத்தின் பெயரைச் சூடிக்கொண்ட குழு இன்னொன்றின் ஒலியை இப்படி மறைத்து வைத்தது சரியா என்பதில் ரசிகர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. கேட்கத் தோன்றாதவர்கள் வழக்கம்போல முதல் பாட்டிலிருந்து போட்டால் போதும், அது தானாக ஒலிக்காது.